கரைப்பான்களில் ஊறி வீங்கும் நிலக்கரி: ஓர் ஆய்வு வரலாறு

நிலக்கரியைத் தூளாக்கிப் பிரிடின் என்னும் கரிமத் திரவத்தில் ஊற வைத்தால், அதன் பருமன் ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகக்கூடும். திரவம் மெல்ல மெல்லத் துகளுக்குள் புகுவதை விரவல் என்றும், அதனால் துகள் பெருப்பதைக் கரைப்பான் வீக்கம் என்றும் வேதியியலில் குறிப்பிடுவர். கருங்கல் ஜல்லியை ஆண்டுக்கணக்கில் ஊறப் போட்டாலும் அது பெருப்பதில்லை. நிலக்கரியும் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கப்படும் பாறைதான். அது மட்டும் ஏன் ஊறுகிறது? இதற்கு விடை தேடியவர்கள், நிலக்கரி எத்தகைய பொருள் என்ற இன்னும் பெரிய கேள்விக்குள் போய்ச் சேர்ந்தார்கள். இங்கிலாந்து, நெதர்லாந்து, ஜப்பான், அமெரிக்கா என்று சுற்றி, மேற்கு வங்கத்தின் சினாக்குரி வரை நீண்ட தேடல் அது.

கரியும் நிலக்கரியும்

கரி என்றதும் தேனி மாவட்டத்துக் கிராமங்களில் பலருக்கும் நினைவுக்கு வருவது தேய்ப்புப் பெட்டிக்குள் போடும் அடுப்புக்கரி. அது விறகை மூட்டம் போட்டுச் செய்வது, நிலக்கரி அன்று. கம்பம் பள்ளத்தாக்கில் நிலக்கரி கிடைப்பதில்லை. உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள மின் நிலையமும் நிலக்கரியை எரிப்பதில்லை. பெரியாற்று நீர் மலையிலிருந்து குழாய்களில் இறங்கி லோயர் கேம்பில் சுழலிகளைச் சுற்றுகிறது. ஆகவே இப்பகுதி மாணவர்களில் பலர் நிலக்கரியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பழங்காலத்துச் சதுப்பு நிலக் காடுகள் புதைந்து, மண்ணின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மாறியதே நிலக்கரி. மாற்றம் குறைவாக நடந்திருந்தால் பழுப்பு நிலக்கரி. மேலும் நடந்தால் கருப்பு நிலக்கரி. முற்றிய நிலையில் ஆந்த்ரசைட். இந்த வரிசையில் மேலே போகப் போகக் கார்பனின் பங்கு கூடுகிறது, ஆக்சிஜனின் பங்கு குறைகிறது. ஆக்சிஜன் பற்றிய இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதுவே முக்கியமாகிறது.

இரு பிசின்கள்

கருவேலம் பிசினை நீரில் போட்டால் அது கரைந்து ஒட்டும் பசையாகிவிடும். பாதாம் பிசின் அப்படியன்று. இரவில் ஒரு சிறு கட்டியைப் போட்டு வைத்தால், காலையில் பாத்திரம் கொள்ளாத கண்ணாடிக் கூழாக உப்பி நிற்கும். எவ்வளவு நீர் ஊற்றினாலும் பெரும்பகுதி கரையாது. இரண்டும் மரம் கசியும் பிசின்களே. ஒன்றில் மூலக்கூறுகள் தனித்தனியே பிரிந்து நீரோடு போய்விடுகின்றன. மற்றதில் அவை வலை போல ஒன்றோடொன்று கோத்திருப்பதால், நீர் நுழைந்ததும் வலை விரிகிறது, ஆனால் அறுவதில்லை.

ரப்பரிலும் இதே வேறுபாடு உண்டு. மரத்திலிருந்து எடுத்துக் காய வைத்த பச்சை ரப்பர் தக்க கரைப்பானில் கரையும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய சைக்கிள் டியூபை பெட்ரோலில் போட்டால் வீங்கும், கரையாது. கந்தகம் ரப்பர் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளைப் போட்டுவிட்டதே காரணம்.

நிலக்கரி இவற்றுள் எந்த வகை? கருவேலம் பிசினா, பாதாம் பிசினா? நூறாண்டுக்கு மேல் நடந்த வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

பிரிடின் வந்த கதை

1860களிலேயே பிரான்சில் தெ மார்சில்லி என்பவர் பென்சீன், ஆல்கஹால், ஈதர், குளோரோஃபார்ம் முதலிய திரவங்களை நிலக்கரி மேல் ஊற்றிப் பார்த்தார். மிகச் சிறு பகுதியே கரைந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூகாசில் பேராசிரியர் பி. பி. பெட்சன் பிரிடினைப் பயன்படுத்தியபோதுதான் நிலைமை மாறியது. பிரிடின் கரித்தாரிலிருந்து கிடைக்கும், மூக்கைத் துளைக்கும் நாற்றமுடைய, நச்சுத்தன்மை கொண்ட திரவம். (பள்ளி ஆய்வகத்திலோ வீட்டிலோ செய்து பார்க்கக்கூடிய சோதனை இதுவன்று.) சாதாரணக் கரைப்பான்கள் தொட முடியாத பகுதிகளையும் அது கரைத்து எடுத்தது.

1913இல் கிளார்க், வீலர் என்ற இரு ஆங்கிலேயர் இதையே பகுப்பு முறையாக்கினர். பிரிடினில் கரையாதது ஆல்பா. பிரிடினில் கரைந்து குளோரோஃபார்மில் கரையாதது பீட்டா. இரண்டிலும் கரைவது காமா. வீலருடன் சேர்ந்து 1918இல் நிலக்கரியின் அமைப்பைப் பற்றி நூல் எழுதியவர் மேரி ஸ்டோப்ஸ். குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தால் உலகப் புகழ் பெற்ற அதே ஸ்டோப்ஸ்தான். நிலக்கரியில் கண்ணுக்குத் தெரியும் நான்கு வகைப் பட்டைகளுக்கு 1919இல் பெயர் சூட்டியவரும் அவரே.

அக்காலத்தவர் கவனமெல்லாம் கரைந்து வந்ததன் மேல் இருந்தது. கரையாமல் மிஞ்சிய தூள் பருத்திருந்ததை அவர்களும் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அதை அளந்து பொருள் காணத் தேவையான கோட்பாடு அப்போது பிறக்கவில்லை.

நிலக்கரியின் உட்புறத்தை வேறு வழிகளில் பார்க்க முயன்றவர்களும் இருந்தனர். கல்கத்தாவில் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த சி. மகாதேவன், 1929-30 அளவில் இந்திய நிலக்கரிகளை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 முதல், பிரிட்டிஷ் நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுச் சங்கத்தில் இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த ரோசலிண்ட் பிராங்க்ளின், ஹீலியம், மெத்தனால், ஹெக்சேன், பென்சீன் என்று வெவ்வேறு அளவுள்ள மூலக்கூறுகளைக் கொண்டு நிலக்கரியின் அடர்த்தியை அளந்தார். எதைக் கொண்டு அளக்கிறோமோ அதற்கேற்ப அடர்த்தி மாறியது. சிறிய ஹீலியம் அணு புகும் இடுக்கில் பெரிய மூலக்கூறு புக முடியவில்லை. நிலக்கரிக்குள் மூலக்கூறுகளைச் சலிக்கும் அளவுக்கு நுண்ணிய வாயில்கள் உள்ளன என்பதை அவர் இவ்வாறு காட்டினார். 1945இல் கேம்பிரிட்ஜில் அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது இந்த நிலக்கரி ஆய்வுக்காகவே. டி.என்.ஏ. படத்தோடு மட்டும் அவர் பெயரைச் சேர்த்து நினைப்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

ரப்பர் காட்டிய வழி

1943இல் பிளோரி, ரேனர் இருவரும் ரப்பர் வீக்கத்துக்கு ஒரு சமன்பாட்டை உருவாக்கினர். வலையின் முடிச்சுகள் தூரத் தூர இருந்தால் ரப்பர் அதிகம் வீங்கும். நெருக்கமாக இருந்தால் குறைவாக வீங்கும். ஆகவே வீக்கத்தை அளந்தாலே, இரு முடிச்சுகளுக்கு இடைப்பட்ட இழையின் நீளத்தை மதிப்பிட்டுவிடலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் கிரேவெலன் 1965இல் இக்கருத்தை நிலக்கரிக்குக் கொண்டு வந்தார். 1966இல் ஜப்பானியர்களான சனடா, ஹோண்டா இருவரும் பல நிலக்கரிகளைப் பல கரைப்பான்களில் ஊற வைத்து அளவுகளை வெளியிட்டனர். நிலக்கரி ஒரு பலபடி வலை, அதாவது பாதாம் பிசின் வகை என்ற கருத்து அப்போது வலுப்பெற்றது.

எல்லாத் திரவத்திலும் அது ஒன்றுபோல் வீங்குவதில்லை. ஹெக்சேனில் ஏறக்குறைய அசைவே இல்லை. பென்சீனில் சிறிது, டெட்ராஹைட்ரோஃபியூரானில் கூடுதல், பிரிடினில் மிக அதிகம். நிலக்கரியில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரிடினின் நைட்ரஜனில் தனித்திருக்கும் எலக்ட்ரான் இணை அந்தப் பிடிக்குள் புகுந்து, ஹைட்ராக்சிலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஒரு பிடி விட்டதும் வலை அந்த இடத்தில் தளர்கிறது. ஹெக்சேனுக்கு அந்த வலு இல்லை. ஆக்சிஜன் குறைந்து முற்றிய ஆந்த்ரசைட் பிரிடினில்கூட அசையாமல் கிடப்பதற்கும் இது ஒரு காரணம்; அங்கே பிரிக்க வேண்டிய ஹைட்ரஜன் பிணைப்புகளே அரிது, இருப்பதோ இறுக அடுக்கிய வளையத் தகடுகள்.

ஒரு குழாய், ஓர் அளவுகோல்

வீக்கத்தை அளக்கும் முறை வியப்பூட்டும் அளவு எளியது. கிரீன், கோவாக், லார்சன் ஆகிய அமெரிக்கர்கள் 1984இல் விளக்கிய வகையில், ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிலக்கரித் தூளைப் போட்டு, மைய விலக்கி எந்திரத்தில் சுழற்றி அமர்த்தி, அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கரைப்பானை ஊற்றிக் கலக்கி, ஊற விட்டு, மீண்டும் சுழற்றி உயரத்தைப் பார்க்க வேண்டும். 10 மில்லிமீட்டராக இருந்தது 20 மில்லிமீட்டரானால் வீக்க விகிதம் 2.

இங்கே மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பருமன் இரு மடங்கானால் ஒவ்வொரு துகளின் பக்கமும் இரு மடங்காகிவிட்டது என்று பொருளன்று. எல்லாத் திசையிலும் சமமாக வீங்கினால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1.26 மடங்குதான் ஆகும், 1.26ஐ மூன்று முறை பெருக்கினால் 2 வரும்.

உண்மையில் நிலக்கரி எல்லாத் திசையிலும் சமமாக வீங்குவதும் இல்லை. மண் அடுக்கடுக்காகப் படிந்த தளத்துக்குச் செங்குத்தான திசையில் கூடுதலாகவும், தளத்தின் போக்கில் குறைவாகவும் வீங்குகிறது. 1988இல் கோடி, லார்சன், சிஸ்கின் மூவரும் இதை அளந்து காட்டினர். கோடிக்கணக்கான ஆண்டுகள் மேலிருந்து அழுத்திய மண்ணின் சுவடு மூலக்கூறு வலையிலும் பதிந்திருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பிரென்னர் என்பவர் மெல்லிய நிலக்கரிச் சீவல்களைப் பிரிடினில் நனைத்து நுண்நோக்கியில் பார்த்தார். உடையும் இயல்புள்ள சீவல் ரப்பர் போல வளையக்கூடியதாக மாறியிருந்தது.

உள்ளே போகும் வேகம்

நீரில் ஒரு சொட்டு மை பரவுவது போன்ற சாதாரண விரவலில், புகும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம் ஆகும். நிலக்கரிக்குள் பிரிடின் பல நேரங்களில் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பெப்பாஸ், லுக்ட் ஆகியோர் 1980களில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின.

உலர்ந்த நிலக்கரி கண்ணாடி போன்ற விறைப்பான நிலையில் உள்ளது. அதன் வலை அசையாது. கரைப்பான் முதலில் விளிம்பில் உள்ள பிணைப்புகளைத் தளர்த்தி, அவ்விடத்தை ரப்பர் நிலைக்கு மாற்ற வேண்டும். மாறிய பிறகுதான் அடுத்த அடி. மூடிய கதவுகள் வரிசையாக உள்ள கூடத்தில் நடப்பதைப் போல, நேரமெல்லாம் கதவைத் திறப்பதற்கே போகிறது, நடப்பதற்கு அன்று. அதனால் ஊறிய பகுதிக்கும் ஊறாத பகுதிக்கும் இடையே கூர்மையான எல்லைக்கோடு தோன்றி, ஏறத்தாழ ஒரே வேகத்தில் உள்நோக்கி நகர்கிறது. இரு மடங்கு ஆழத்துக்கு இரு மடங்கு நேரமே போதும். பலபடி வேதியியலில் இதை இரண்டாம் வகை விரவல் என்பர். நடைமுறையில் பெரும்பாலான நிலக்கரிகள் இரு வகைக்கும் இடைப்பட்டே நடந்துகொள்கின்றன. வெப்பம் கூடினால் வேகம் கூடும். துகள் சிறியதானால் விரைவில் முடியும்.

மீண்டும் கருவேலம் பிசின்

பாதாம் பிசின் தரப்பு வென்றுவிட்டது என்று நினைத்த வேளையில் எதிர்வாதம் எழுந்தது. வலையோடு சேராமல் அதன் கண்களுக்குள் சிக்கிக் கிடக்கும் சிறு மூலக்கூறுகள் எவ்வளவு என்பதைப் பற்றி, கிவன், மார்செக் முதலிய ஐவர் 1986இல் ஒரே கட்டுரையில் எதிரெதிர்த் தரப்பில் நின்று வாதிட்டனர். ஆய்வு இதழ்களில் இத்தகைய கட்டுரையை அரிதாகவே காணலாம். ஒத்துப்போகாதவர்கள் சேர்ந்து எழுதியது என்பதாலேயே அது படிக்கத்தக்கது.

1988இல் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயினோவும் குழுவினரும் கார்பன் டைசல்பைடையும் என்-மெத்தில் பைரோலிடோனையும் சம அளவில் கலந்து நிலக்கரி மேல் ஊற்றினர். சூடாக்கவே இல்லை. அறை வெப்பநிலையிலேயே சில கருப்பு நிலக்கரிகளில் பாதிக்கும் மேல் கரைந்து வந்துவிட்டது. உறுதியான வேதிப் பிணைப்புகளால் கோத்த வலை என்றால் இப்படிக் கரைய முடியாது. எனவே அந்த நிலக்கரிகளில் பல முடிச்சுகள் உண்மையான முடிச்சுகள் அல்ல, மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பிடிப்புகள் மட்டுமே என்ற கருத்து எழுந்தது. நிலக்கரிக்கு நிலக்கரி விடை வேறுபடுகிறது என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் நிலை. இளம் நிலக்கரிகளில் உண்மை முடிச்சுகள் மிகுதி. நடுத்தரக் கருப்பு நிலக்கரி சிலவற்றில் ஒட்டுப் பிடிப்புகள் மிகுதி.

சாம்பல் நாடு

இந்தியாவுக்கு இது வெறும் தத்துவக் கேள்வியன்று. இந்நாட்டின் கோண்டுவானா நிலக்கரியில் சாம்பல் மிக அதிகம். 30 முதல் 40 விழுக்காடு சாம்பல் உள்ள நிலக்கரி சாதாரணம். மண்ணும் கரிமப் பொருளும் நுணுக்கமாகக் கலந்திருப்பதால் நீரில் கழுவி முழுவதும் பிரிக்க முடியாது. கரைப்பானோ கரிமப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணை விட்டுவிடும். ஜெர்மனியில் 1930களில் பாட், பிராக்கே இருவரும் ஏறத்தாழ 400 பாகை வெப்பத்தில் இப்படிச் சாம்பலற்ற கரியைப் பிரித்தனர். அவ்வளவு வெப்பமும் அழுத்தமும் இல்லாமல் செய்ய முடியுமா என்பதே இந்திய ஆய்வாளர்களின் கேள்வி. 1950இல் தன்பாத் அருகே திறக்கப்பட்ட மத்திய எரிபொருள் ஆய்வு நிறுவனம் இந்திய நிலக்கரிகளின் இயல்புகளைத் தொகுக்கும் பெரும் பணியைச் செய்தது. கரைப்பான் வழியைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்களில் தில்லி ஐ.ஐ.டி.யின் டி. கே. சர்மா குறிப்பிடத்தக்கவர்.

எஸ். பாண்டேயும் சர்மாவும் 2001இல் வெளியிட்ட கட்டுரை ராணிகஞ்ச் வயலைச் சேர்ந்த சினாக்குரி நிலக்கரியைப் பற்றியது. என்-மெத்தில் பைரோலிடோன், எத்திலீன் டைஅமீன், இரண்டும் சமமாகக் கலந்த கலவை ஆகிய மூன்றும் அந்த நிலக்கரிக்குள் எந்த வேகத்தில் விரவுகின்றன என்பதை வீக்க முறையாலேயே அவர்கள் ஆராய்ந்தனர். எத்திலீன் டைஅமீனைச் சேர்த்தால் பைரோலிடோனின் கரைக்கும் திறன் கூடுகிறது என்பதையும் அவர்கள் அடுத்து வெளியிட்டனர். ஒன்று பிணைப்புகளைத் தளர்த்திக் கதவைத் திறக்கிறது, மற்றது உள்ளிருப்பதை வெளியே கொண்டு வருகிறது என்று இதை எளிமையாகப் புரிந்துகொள்ளலாம். ஜாம்ஷெட்பூரின் டாட்டா இரும்பு ஆலையும் உருக்கு வேலைக்கான குறைந்த சாம்பல் கரிக்காக இதே கரைப்பான்களைச் சோதித்தது. விலையுயர்ந்த கரைப்பானைச் சிந்தாமல் மீட்டெடுப்பதுதான் இம்முறையின் கடினமான பகுதி. ஊறி வீங்கிய கரி தான் குடித்ததை எளிதில் விடுவதில்லை.

சினாக்குரி என்ற பெயருக்கு வேறொரு நினைவும் உண்டு. 1958 பிப்ரவரி 19 அன்று அச்சுரங்கத்தில் எரிவாயு வெடித்து 170க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தனர். அந்த மீத்தேன் வெளியிலிருந்து வந்ததன்று. நிலக்கரியின் நுண்துளைகளிலும் வலைக்கண்களிலும் அடங்கியிருப்பது, வெட்டும்போது அழுத்தம் குறைந்ததும் வெளியேறுகிறது. பிரிடின் உள்ளே போகும் பாதையும் மீத்தேன் வெளியே வரும் பாதையும் ஒன்றே. ராணிகஞ்ச் பகுதியில் 2007 முதல் அந்த வாயுவையே கிணறு தோண்டி எடுத்து விற்கிறார்கள்.

வாயுக்களாலும் நிலக்கரி சிறிதளவு வீங்கும். மீத்தேனைவிடக் கார்பன் டைஆக்சைடால் கூடுதலாக வீங்கும். அமெரிக்காவின் சான் ஹுவான் வயலில் 1990களில் கார்பன் டைஆக்சைடை நிலக்கரிப் படுகைக்குள் செலுத்தியபோது, கரி வீங்கித் தன் விரிசல்களைத் தானே நெருக்கியதால் வாயு புகும் வேகம் குறைந்தது. புவி வெப்பமாதலைத் தடுக்கக் கார்பன் டைஆக்சைடை நிலக்கரிக்குள் பூட்டி வைக்கலாம் என்பவர்கள் இன்றும் முதலில் கணக்கிட வேண்டியது இந்த வீக்கத்தைத்தான்.

நெய்வேலி

தமிழ்நாட்டின் நிலக்கரி நெய்வேலியில் உள்ளது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டபோது நீரோடு வெளிவந்த கருப்புப் பொருள்தான் அதன் தொடக்கம். 1956இல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படுகை எட்டப்பட்டது.

வெட்டியெடுத்த நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். இதைத் துணியில் நனைந்த ஈரம் போல் எண்ணக்கூடாது. பழுப்பு நிலக்கரி பிறந்ததிலிருந்தே நீரில் வீங்கி நிற்கும் கூழ்; நீர் அதன் கட்டமைப்பைத் தாங்கி நிற்கிறது. காற்றில் காய வைத்தால் ஈரம் போவதோடு கரியும் சுருங்கி, வெடித்து, பொடியாகிறது. மறுபடி நீரில் போட்டால் பழைய பருமனுக்குத் திரும்புவதில்லை. துளைகள் இடிந்து, புதிய பிடிப்புகள் உண்டாகிவிட்டன. ஆகவே இவ்வகைக் கரியைக் கரைப்பானில் ஊற வைத்து அளப்பவர், அது எப்படி உலர்த்தப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். காய்ந்த மாதிரியும் காயாத மாதிரியும் ஒரே சுரங்கத்தின் கரியானாலும் ஒரே அளவில் வீங்குவதில்லை.

பிரிடினில் பழுப்பு நிலக்கரி நன்றாக வீங்கினாலும் கருப்பு நிலக்கரியைப் போலக் கரைந்து வருவதில்லை. அதன் கார்பாக்சில் தொகுதிகளைக் கால்சியம் போன்ற அயனிகள் இருபுறமும் பிடித்துக் கட்டியிருக்கின்றன. அமிலத்தால் கழுவி அந்த அயனிகளை நீக்கினால் வலை இன்னும் தளரும். உலர்த்திய தூளை அழுத்திக் கரிக்கட்டிகளாக்கி, அவற்றைச் சுட்டு லெக்கோ என்ற பெயரில் நெய்வேலி விற்றது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சமையலறைகளிலும் தேநீர்க் கடைகளிலும் அது எரிந்தது. நீரை இழந்ததும் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புதான், பசை தேடாமல் அந்தக் கட்டிகளை அழுத்திச் செய்ய உதவியது.